பங்கருக்குள் அழுத முனி

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடுகள் வரிசையாக ஒட்டிய ஒற்றைக் காம்பராக்கள். நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்துக் காம்பராவில் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்போம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி எப்படி அழுவாள், சொல்லுங்கள்.

என் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, எங்கள் வழக்கம் அப்படி. புதைத்துவிட்டு வந்து தலை முழுகினால் முடிந்தது. மறுநாள் காலையே ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கூடையோடு நின்றேன், கங்காணி வேலைக்குப் பேர் கூப்பிட்டார். இரவில் விம்மினால் பக்கத்துக் காம்பரா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, வெளக்கு வச்ச பொறகு அழுவாத, வீட்டுக்கு ஆகாது" என்பாள். என் புருஷனோ, "போதும் புள்ள. இன்னொன்னு பொறக்கும்" என்பார். இன்னொன்றாம்! தேத்தண்ணிக் கிளாஸ் உடைந்துபோன மாதிரி.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே. ரயில் பாலத்தைப் பார்த்தபடி மேட்டில் ஒரு பங்கர் இருந்தது. யுத்தத்தின்போது ஜப்பான்காரன் வந்தால் சுடுவதற்காகப் பட்டாளத்துக்காரர்கள் கொங்கிரீட்டில் கட்டிவிட்டுப் போனது. சுவர் அவ்வளவு கனம். முன்பக்கம் துப்பாக்கியை நீட்ட நீளமாக ஒரு பொந்து. ஜப்பான்காரன் வரவேயில்லை. நான்தான் போனேன்.

பகலில் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்ததும் மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவார்கள். எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பங்கருக்குள் போய் உட்காருவேன். ஆட்டுப் புழுக்கை, ஈர வாடை, இருட்டு. இருந்தாலும் அப்பாடா என்றிருக்கும். அந்தச் சுவரை நம்பி வாய்விட்டு அழுவேன். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.

பொந்து வழியாகச் சத்தம் வெளியே போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கொங்கிரீட்டுக்குள் முட்டி மோதி, குரல் தடித்து, கீழே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்களுக்கு அது ஆணா பெண்ணா என்று தெரியாத ஓலமாகக் கேட்டிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இது போதாதா? கவ்வாத்துக்கு ஒரு சாமி, ஃபேக்டரிச் சக்கரத்துக்கு ஒரு முனி என்று, வேலை செய்கிற இடத்துக்கெல்லாம் ஒரு சாமியை வைத்துக் கும்பிடுகிறவர்கள் நாங்கள். ஒருநாள் போனபோது, உள்ளே முனி அழுகிறது என்று பங்கர் வாசலில் கல் நட்டு, மஞ்சள் பூசி, சூலம் குத்தியிருந்தார்கள். இனிமேல் பொம்பளைகள் உள்ளே போகக்கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டார்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

"அது முனி இல்லக்கா. நாந்தான் அழுதேன்."

"அடிப் பாவி, வாயக் கழுவுடி! சாமி குத்தமாயிரும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முனி அழுதால் படையல், நான் அழுதால் வீட்டுக்கு ஆகாது! அதற்குப் பிறகு எனக்கு அழ இடமில்லை. மலையில் பக்கத்து நிரையில் யாராவது கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். லயத்தில் சுவருக்கே காது.

தை மாதம் முனிக்குப் பொங்கல் வைத்தார்கள். தப்பு முழங்கியது. தோட்டமே கூடியிருந்தது. பூசாரி பொந்தைப் பார்த்துக் கையெடுத்து, "ஏன்ப்பா அழுவுற? ஒனக்கு என்ன கொறை, சொல்லு" என்று கேட்டார்.

என்னிடம் யாருமே கேட்காத கேள்வி. என்னால் தாங்க முடியவில்லை. கூட்டத்தின் நடுவிலேயே வெடித்து அழுதேன். கொண்டை அவிழ்ந்தது, கீழே விழுந்து புரண்டேன். அருள் வந்துவிட்டது என்று வேப்பிலையோடு ஓடிவந்து மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள்.

"என்ன வேணும் சாமி?" என்றார் பூசாரி.

"எம் புள்ள வேணும்."

தப்பு நின்றது. பிள்ளை வைத்திருந்தவர்கள் அதை அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். பூசாரி அவசரமாகப் பலிச் சேவலைக் காட்டினார். "புள்ளயெல்லாம் கேக்காத சாமி. சேவ தர்றோம், ஏத்துக்க."

சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் புருஷன். அவர் பிடி நழுவிவிட்டது. சேவல் தேயிலைக்குள் பாய்ந்தது, எல்லோரும் அதைப் பிடிக்க ஓடினார்கள். அவர் மட்டும் ஓடவில்லை.

"அது சாமி இல்லீங்க. எம் பொஞ்சாதி. எங்க புள்ளயக் கேக்குறா" என்று, கேட்க ஆளில்லாத அந்த மேட்டில் நின்று, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.