சகாயராஜ் விழுங்கிய மாத்திரை

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கியவர் சகாயராஜ். ஐம்பத்து மூன்றாம் வயதில் மாரடைப்பு வந்தது. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் அடைத்த ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்து, இனி சுமை கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மண்டியிலேயே மூட்டைக்கு வாய் தைக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். தினமும் காலையில் சாப்பிட்டதும், ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. ஒரு நாளும் விட்டதில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

ஸ்டென்ட் வைத்த ஏழாம் மாதம், கோணி ஊசியும் கையுமாக இருந்தவர் அப்படியே மூட்டை மேல் சாய்ந்துவிட்டார். வைத்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டியிருந்தது. அதைச் சரிசெய்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா?

மனைவி புனிதா அவருடைய சட்டைப் பையில் கிடந்த அட்டையை எடுத்து நீட்டினாள். போன வாரமே தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் நான்கு மாத்திரை மிச்சமிருந்தது.

“உண்மைய சொல்லுய்யா. எத்தினி நாளா போடல?”

“டெய்லி போட்டுக்கினுதான் இருந்தேன்.”

“அப்ப இது இன்னா?”

“தீர்றதுக்குள்ள புதுசு வாங்கிட்டேன் போல.” சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கியது. புது அட்டையை எப்போது வாங்கினார், நினைவில்லை.

வல்லத்திலிருந்து தம்பி அன்புச்செல்வன் வந்தான். அவனுக்கும் இரண்டு வருஷத்துக்கு முன் இதே வியாதி, இதே ஸ்டென்ட், இதே மாத்திரை. “எனக்கு ஒண்ணும் ஆவலியேண்ணே. நீ எங்கனா விட்டுருப்ப” என்றான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

படுத்தபடி ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தார். அன்புச்செல்வன் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது? காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், மதியம் பிரியாணி சாப்பிட்டது ஞாபகமிருக்கிறது. தண்ணீர் குடித்ததும் ஞாபகமிருக்கிறது. மாத்திரையோடு குடித்தாரா, வெறும் தண்ணீரா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நான்காம் நாள் டாக்டர் கவிதா வந்தபோது அவராகவே சொல்லிவிட்டார்.

“நான்தாம்மா விட்டுட்டேன்.”

“எந்த நாள் விட்டீங்க?”

“அது தெரியலம்மா.”

டாக்டர் கேஸ் ஷீட்டைத் திரும்பப் படித்தார். பிறகு மாத்திரையை மாற்றி எழுதி, பரிசோதனைக்காக ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போனபோது முடிவு வந்திருந்தது. பழைய மாத்திரை விழுங்கியதும் நேராக வேலை செய்யாதாம். ஈரல் அதை மருந்தாக மாற்ற வேண்டும். சகாயராஜின் ஈரலுக்கு அந்த வேலை பிறவியிலேயே வராது.

“அப்ப ஏழு மாசமா நான் இன்னாத்த முழுங்கிக்கினு இருந்தேன்?”

“மாத்திரையத்தாங்க. அது உங்க உடம்புல மருந்தா மாறல.”

“என் தம்பிக்கு மாறுதே? ஒரே அப்பன், ஒரே ஆத்தாதானேம்மா?”

“அந்த வேலைக்கான ஜீன் அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு வரும். உங்களுக்கு ரெண்டுமே வேலை செய்யாததா வந்துடுச்சு. உங்க தம்பிக்கு அப்படி வந்திருக்காது. அது அவங்கவங்க பிறப்புல அமையறது.”

தலையாட்டினார். புரிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. குற்றம் தன்மேல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை.

திண்டிவனம் திரும்பும் பஸ்ஸில் கூட வந்த புனிதா டிக்கெட் எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, “நான் அப்படி கேட்டுருக்கக் கூடாது” என்றாள்.

“நீ கேட்டதுகூட பரவால்ல. நானே நம்பிட்டேனே” என்றார் அவர்.

புது மாத்திரை காலையும் மாலையும். நெஞ்சு வலி திரும்ப வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் காய்ச்சலென்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனார். சீட்டு எழுதிய நர்ஸ், “எந்த மருந்தாவது ஒத்துக்காதுங்களா?” என்று கேட்டாள்.

“ஒத்துக்கும்மா. ஒண்ணு மட்டும் வேலை செய்யாது.”

அவளுக்கு விளங்கவில்லை. “அப்ப ‘இல்லை’ன்னு போட்டுடவா?”

“வேணாம்மா.” பழைய மாத்திரையின் பெயரை மெதுவாகச் சொல்லி எழுதவைத்தார். எழுதி முடித்ததும் அவருக்கே சந்தேகம் வந்தது. “இப்ப காய்ச்சலுக்குத் தர்றது எனக்கு வேலை செய்யுமா?”

“அத டாக்டரத்தான் கேக்கணுங்க.”

சகாயராஜ் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.