நாற்பது பேர், நாற்பத்தெட்டுக் கைகள்

நாங்கள் வாழும் கோல்டிங் நகரில் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பை வெள்ளிக்கிழமை வைப்பதா, ஞாயிற்றுக்கிழமை வைப்பதா என்று பெற்றோர் கூட்டம் நடந்தது. கணக்கெடுக்கும் பொறுப்பு என்னுடையது. வெள்ளியில் கோயிலுக்குப் போகிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னேன், என்னோடு இருபத்தெட்டு. ஞாயிறில் சேர்ச்சுக்குப் போகிறவர்கள் இருபது. கையே உயர்த்தாதவர் ஒருவரும் இல்லை. ஆனால் மண்டபத்தில் இருந்த பெற்றோர் நாற்பது பேர்தான்.

திரும்ப எண்ணினேன். அதே நாற்பத்தெட்டு.

"ஆரோ விளையாடுறியள்," என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

கூட வந்திருந்த என் மகள் வெண்பலகையில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் கீறினாள். "அப்பா, எட்டுப் பேர் ரெண்டுக்கும் போகினம். அவையை ரெண்டு தரம் எண்ணிப்போட்டியள்."

"ரெண்டுக்கும் போறவையோ? ஆர் அது?"

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. கடைசி வரிசையில் எட்டாவது கை என் மனைவியுடையது. அதுவரை நான் கைகளைத்தான் எண்ணியிருந்தேன்; முகங்களைப் பார்க்கவில்லை.

வகுப்பு புதன்கிழமைக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள்: "நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க சேர்ச் ஆக்கள்தான் பக்கத்தில வந்து இருந்தவை. ஞாயிறில நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு போறனான்."

"அப்ப கோயிலை விட்டிட்டீரோ?"

"இல்லையே. வெள்ளியில உங்களோடதானே வாறன்."

அடுத்த ஞாயிறு லீவு எடுத்து அவளைச் சேர்ச்சில் கொண்டுபோய் இறக்கினேன். உள்ளே போகவும் மனம் வரவில்லை, வீட்டுக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. வாசலில் காருக்குள் காத்திருக்கிறவனை எந்த வட்டத்துக்குள் போடுவது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.