வள்ளம் மாதிரி ஒரு சோபா

1. சிரித்த குடும்பம்

நான் செய்த சோபாவைப் பார்த்து ஒரு குடும்பமே சிரித்திருக்கிறது. முப்பது வருடக் குஷன் வேலையில் அது ஒருமுறைதான் நடந்தது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

என் பட்டறை முரசுமோட்டையில், வயலோரம். பஸ் சீற் தைத்துத் தொடங்கியவன் நான். பிறகு கதிரை, அதன் பிறகு சோபா. எங்கள் பக்கத்தில் செற்றி என்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் போனில் ஒரு படத்தைக் காட்டி, அதே மாதிரி வேண்டும் என்பார்கள். நானும் பிரேம் அடித்து, ஸ்பொஞ்ச் வெட்டி, றெக்சின் இழுத்துக் கொடுத்துவிடுவேன். படம் காட்டாமல் வந்த முதல் ஆள் நாயாற்றுப் பக்கத்து மரியநாயகம் அண்ணன்.

"எங்கட வீட்டுக்கு ஏத்த மாதிரி நீங்களே யோசிச்சுச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியாத புளுகம்.

அண்ணன் களப்பில் றால் பிடிப்பவர். கூத்தில் ராசா வேஷம் அவருக்குத்தான். அவருடைய மனைவி திரேசம்மா அக்கா கூத்து உடுப்பெல்லாம் தைப்பவர். மகள் கிரீடங்களுக்கு வர்ணம் தீட்டுவாள். ஊர் ஆட்கள் கூத்துப் பழகுவதும் அந்த வீட்டு ஹோலில்தான். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் மூளை 'கடற்கரைக் குடும்பம்' என்பதோடு நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். எனக்கு வள்ளம் என்றால் கரையில் நின்று பார்க்கிற அழகு. ஆகவே வள்ளம் மாதிரியே ஒரு சோபா செய்தேன். நல்ல முதிரை மரத்தில், ஒரு பக்கம் வள்ளத்தின் முன்முனை, அந்த அணியம் போல மேலே வளைந்து நிற்கும். இரண்டு கிழமை மினக்கெட்டேன்.

குஷன் போட முன்னர் காட்டலாம் என்று பிரேமைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போய் ஹோலில் இறக்கினேன். அண்ணன் அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தம்பி, விடிய விடிய வள்ளத்துக்குள்ள இருந்து முதுகு நொந்துதான் வீட்டை வாறன். வீட்டையும் வள்ளத்திலயோ இருக்கிறது?"

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கொழுந்துக்கூடை மாதிரி யாராவது ஒரு கதிரை செய்து கொடுத்திருந்தால், தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அம்மா அதாலேயே அவனை அடித்திருப்பார்.

சிரிக்காமல் நின்றவர் அக்கா மட்டுந்தான். அவர் பிரேமையும் மிச்சமிருந்த நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செற்றி கேட்டதே அவர்தான். வருடக்கணக்காக நிலத்தில் இருந்து தைத்து இடுப்புப் போய்விட்டது. இனி நிலத்தில் இருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"இது இருந்தால் இனி இஞ்ச கூத்துப் பழகேலாது" என்றார். "எனக்குச் செற்றி வேண்டாம்."

கூத்தை வேறெங்கேயாவது பழகலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை.

"ஆக்கள் வராத வீட்டில எனக்கு என்னத்துக்குச் செற்றி?"

அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. நொந்த இடுப்போடு ஒரு மனுசி தன் கதிரையை வேண்டாம் என்கிறார். நானோ என் வேலைப்பாட்டைப் பார்த்து இவர்கள் வியப்பார்கள் என்று வந்திருக்கிறேன்.

2. ஞாயிற்றுக்கிழமை அளவெடுத்தது

கூத்துப் பழகும்போது வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வரச் சொன்னார்கள்.

அளவெடுக்கிற ரேப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். எட்டுப் பேர் வட்டமாக ஆடினார்கள். மத்தளச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. அக்கா சுவரில் சாய்ந்து நிலத்தில்தான் இருந்தார், டொக்டர் சொன்னதையும் மீறி. கையில் ராசாவின் உடுப்பு. ஆடுகிற ஒருவர் பாட்டு வரியில் தடக்குப்பட்டார். அடுத்த அடி அக்காவின் வாயிலிருந்து வந்தது. ஊசியிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. இன்னொருவர் மறந்தார், அதையும் அக்கா எடுத்துக் கொடுத்தார். கூத்துக் கொப்பி மேசையில் மூடியபடி கிடந்தது. முழுக் கூத்தும் அந்த மனுசிக்குப் பாடம். எனக்குப் புல்லரித்தது.

எல்லோருடைய கண்ணும் தடக்குப்படுகிற நேரத்தில் அவர் பக்கம்தான் போனது. அவரோ உயரமான ஆட்களுக்குப் பின்னால், நிலத்தில். சத்தம் கேட்டது, முகம் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அளவெடுத்தேன். ஆடுகிற வட்டம் எவ்வளவு, அக்காவின் முழங்கால் உயரம் எவ்வளவு, உடுப்பை விரித்தால் எவ்வளவு அகலம் என்று. அதுவரை நான் ரேப்பை முதலில் வைத்தது சுவரில்தான். அன்று ஆளில் வைத்தேன்.

3. மூன்று துண்டு

சோபாவை மூன்று துண்டாகச் செய்தேன். இரண்டு துண்டுகளுக்குக் கைப்பிடி இல்லை. ஆட்டம் தொடங்கினால் தூக்கிச் சுவரோரம் போட்டுவிடலாம். சீற்றைத் தூக்கினால் உள்ளே உடுப்பும் கிரீடமும் வைக்கிற பெட்டி. மூன்றாவது அக்காவுக்கு. சீற் உயரம், கைப்பிடி அகலம். கத்தரிக்கோலும் நூல்கட்டையும் அதில் வைக்கலாம்.

ஸ்பிரிங் போடுவதை, பட்டறைக்கு வந்திருந்த அண்ணன் மறித்தார். உப்புக் காற்றில் கறள் பிடிக்கும் என்றார். ஸ்பிரிங் இல்லாமல் செற்றியா என்று நான் இழுத்தேன். அவர் நைலோன் கயிற்றை எடுத்து, வலை முடிச்சுப் போட்டு மூன்று சீற்றுக்கும் தானே பின்னினார். நான் ஏறி நின்று பார்த்தேன். ஒரு துளி தொய்யவில்லை. என் தொழிலை எனக்கே ஒருவர் சொல்லித் தந்தால் கோபம்தான் வரும். அன்று வரவில்லை. சாய்கிற பக்கத்துக்கு மகள் பழைய கூத்து உடுப்புகளின் வெல்வெற் துண்டுகளைப் பொருத்திக் கொடுத்தாள். தையல் மட்டும் என்னுடையது.

கொண்டுபோய் இறக்கிய ஞாயிறன்றே பழகினார்கள். ராசா கொலுவிருக்கிற இடம் வந்தது. ஆடியவர்களில் ஒருவர் அக்காவின் துண்டைக் காட்டி, இதைவிட நல்ல சிம்மாசனம் கிடைக்காது, எடுப்போமா என்று கேட்டார். அக்காவும் எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ" என்றார் அண்ணன். "அது அவாவின்ர."

ராசா போய்ப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கொலு நடத்தினார். நடுவில் பாட்டை மறந்தார். நேரே எதிரே, எல்லோருக்கும் முகம் தெரிய இருந்த அக்கா எடுத்துக் கொடுத்தார்.

அந்த வள்ளப் பிரேம் இப்போதும் என் பட்டறை வாசலில் கிடக்கிறது. வருகிறவர்கள் அழகென்று படம் எடுக்கிறார்கள். நான் அதில் இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறேன். அண்ணன் சொன்னது உண்மை, முதுகு நோகிறது. ஒரு வீட்டுக்குச் சோபா செய்யக் கேட்டால், அந்த ஆட்கள் என்ன தொழில் என்று விசாரிப்பதோடு நிற்காதீர்கள். அந்த வீட்டில் யார் நிலத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். ரேப்பை அங்கே வையுங்கள்.