மீன்பெட்டி மூடியின் வெளிச்சம்

லங்காவித் தீவுக்குப் போகும் படகுக்கு இன்னும் கூப்பிடவில்லை. கோலா கெடா படகுத்துறையில் உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருக்கிறேன். நாளை அங்கே தோழியின் கல்யாணத்தை நான்தான் படமெடுக்க வேண்டும். புதுக் கேமரா இன்னும் கைக்குப் பழகவில்லை.

மீன் லாரியின் அருகே நிற்கும் ஓர் அக்கா என் கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "தங்கச்சி, எங்க ரெண்டு பேரையும் ஒன்னு எடுக்கிறீங்களா? கல்யாணத்துக்கு அப்புறம் ஒன்னா நின்னு எடுத்ததே இல்ல லா." லாரி ஓட்டும் கணவர் கூச்சத்தோடு வந்து நிற்கிறார்.

எடுத்துக் காட்டுகிறேன். பின்னால் ஆறு பளபளக்கிறது. முகங்கள் இரண்டும் கறுத்துக் கிடக்கின்றன.

"ஆறு நல்லாத்தான் இருக்கு. நாங்க எங்க?" என்கிறார் அக்கா.

ஃபிளாஷ் போட்டால் அண்ணன் கண்ணை மூடிவிடுகிறார். திருப்பி நிறுத்தினால் வெயிலில் இருவருக்கும் கண் கூசுகிறது. அதற்குள் ஒலிபெருக்கியில் படகுக்கு அழைக்கிறார்கள். இதுவே வரவில்லை என்றால் நாளை மணமேடையில் என்ன செய்வேன்?

லாரியில் கிடக்கும் வெள்ளை மீன்பெட்டி மூடி கண்ணில் படுகிறது. அவர்களைப் பழையபடி ஆற்றுக்கு முதுகுகாட்டி நிறுத்தி, மூடியை எதிரே என் பையின் மேல் சாய்த்து வைக்கிறேன். பின்னாலிருந்து வரும் வெயில் அதில் பட்டுத் திரும்பி இரண்டு முகங்களிலும் ஏறுகிறது. எடுத்துவிடுகிறேன்.

அக்கா திரையையே பார்க்கிறார். சிரிக்கவில்லை.

"இவருக்கு இவ்வளவு நரைச்சிருச்சா?"

யாரிடம் என்றில்லாமல் கேட்டுவிட்டு, திரும்பி, கணவரின் காதோர முடியைத் தொட்டுப் பார்க்கிறார்.