கோபால் எண்ணிய கிணறுகள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. அந்தக் கோபத்தால் எத்தனையோ கெட்டிருக்கிறது. ஒரே ஒரு முறை நல்லது நடந்தது. எழுபதுகளில், தருமபுரியில் குடிநீர்க் கணக்கெடுப்பில் தற்காலிக ஊழியனாக இருந்தபோது.

பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது என் வேலை. தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், கிணறு எத்தனை அடி, கோடையில் வற்றுமா என்று கேட்டு எழுத வேண்டும். படிவங்கள் சென்னைக்குப் போகும். அங்கே அவற்றை அட்டைகளில் துளை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள். எந்த ஊரில் கிணறு குறைவோ அந்த ஊருக்கு முதலில் போர் போட வேண்டும் என்று அது பட்டியல் தரும்.

மாசியில் பட்டியல் வந்தது. நான் பார்த்ததிலேயே தண்ணீருக்கு அதிகம் தவித்த ஊர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பங்குனி பிறந்தால் இரண்டு மைல் நடந்து குடம் சுமக்கிற பெண்கள் அந்த ஊரில். இருப்பது ஐந்தே கிணறு. பட்டியலில் பத்தொன்பது! கடைசிப் பக்கத்து ஊருக்குப் போர் லாரி அந்த வருஷம் வராது, அடுத்த வருஷமும் சந்தேகம்தான்.

பட்டியலை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன்.

"மெஷின் தப்புப் பண்ணாதுய்யா. நீதான் எதையாவது கிறுக்கியிருப்ப. வேலியில போற ஓணானை எதுக்கு எடுத்து மடியில விட்டுக்கற?" என்றார்.

என்னிடமிருந்த கார்பன் நகல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரியாகவே எழுதியிருந்தேன். அன்றைக்கே சென்னைக் கம்ப்யூட்டர் நிலையத்துக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது, உங்களுக்கு ஒன்று இரண்டு எண்ணத் தெரியாதா என்று கேட்டிருந்தேன்.

பத்தாம் நாள் ஆளே வந்து நின்றார். இருபத்தைந்து வயதிருக்கும், புரோகிராம் எழுதிய பெண். "ஒண்ணு ரெண்டு தெரியும் சார். எங்க தப்பா எண்ணினேன்னு காட்டுங்க" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த ஊருக்குப் பஸ்ஸில் போகும்போது விஷயத்தைச் சொன்னார். இரண்டு புரோகிராம்களாம். அவருடையது ஃபோர்ட்ரான் என்ற மொழியில். பட்டியல் அச்சிடும் இலாகாவின் புரோகிராம் கோபால் என்ற இன்னொரு மொழியில். இவருடையது கணக்குப் போட்டு முடித்ததும், விவரத்தை அதனிடம் கொடுக்க வேண்டும்.

ஊரில் முதல் கிணற்றில் ஒரு வீட்டின் நடு மருமகள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் அது பொதுக் கிணறு. புரோகிராம் எழுதியவர் அவரிடம், "இது உங்க கிணறுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கெணறு ஒண்ணு, மொற மூணு. இன்னைக்கு எங்க மொற. நாளைக்குச் சின்னவங்க வூட்டு மொற."

புரோகிராம் எழுதியவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "என் புரோகிராம்ல ஒவ்வொரு கிணறும் ஒரு தடவைதான் சார் இருக்கு. வீட்டுக்கு எதிர்ல கிணத்தோட நம்பர் மட்டும்தான் வெச்சிருப்பேன். கோபாலுக்கு எல்லாம் ஒரே வரியில இருந்தா சுலபம்னு, வீட்டுக்கு வீடு கிணத்தை முழுசா எழுதிக் குடுத்துட்டேன். மூணு வரியில பார்த்துட்டு மூணு கிணறுன்னு எண்ணிடுச்சு."

நடு மருமகள் குடத்தை ணங்கென்று வைத்தார். "யாருங்க அந்த கோபாலு? ஒரு நாளு கூட்டியாங்க. குடத்தைக் கையில குடுக்கறேன், மீதி ரெண்டு கெணத்துல மொண்டுகிட்டு வரட்டும், பாக்கறேன்!"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. கோபால் ஆளில்லை, மெஷினுக்குப் புரிகிற ஒரு பாஷை என்று விளக்கினோம். அவர் மசியவில்லை.

"பாஷைன்னா என்னங்க? எங்க மாமியாரு தெலுங்கு, நானு தமிழு. அவங்களுக்கு ஒரு கெணறுன்னா எனக்கும் ஒண்ணுதானே?"

புரோகிராம் எழுதியவர் சிரிப்பதை நிறுத்தினார். நோட்டை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தார். முதலில் கிணறுகள் மட்டும், கிணற்றுக்கு ஓர் அட்டை. பிறகு வீடுகள், அவற்றில் கிணற்றின் நம்பரும் முறையும் மட்டும். கடைசியில் ஓர் அட்டை: மொத்தம் இத்தனை கிணறு, இத்தனை வீடு. கோபால் எண்ணியது அந்த அட்டையோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டியலே அச்சாகக் கூடாது. முறை வைத்துத் தண்ணீர் எடுக்கிறவர்களிடம் இதைத்தான் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் என் அதிகாரியிடம் ஒரு காகிதம் கொடுத்தார். "படிவத்தில் பிழை இல்லை. விவரத்தை மாற்றிக் கொடுத்ததில் பிழை. பிழை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நினைத்திருந்தால் பழியைப் படிவத்தின் மேல் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். தற்காலிக ஊழியனின் சொல் எந்த அம்பலத்தில் ஏறும்? கண் கலங்கிவிட்டது எனக்கு. கோபக்காரனுக்கு நன்றி சொல்லச் சரியாக வராது. "டீ சாப்பிடறீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டேன்.

புதுப் பட்டியலில் அந்த ஊர் முதல் பக்கத்துக்கு வந்தது. வைகாசியில் போர் லாரி வந்தது, தண்ணீரும் வந்தது. அடிபம்பு வைத்த அன்று நடு மருமகள் எனக்குத் திகட்டத் திகட்டப் பானகம் கொடுத்தார்.

அந்தப் பட்டியலை அப்புறம்தான் முழுதாகப் பார்த்தேன். இன்னும் நாலு ஊர்கள் கடைசியிலிருந்து முன்னால் வந்திருந்தன. அண்ணன் தம்பிகள் கிணறு பங்கிடுகிற ஊர்கள். நான் காலடி வைக்காதவை. அங்கிருந்து யாரும் கடிதம் போடவில்லை, பட்டியல் தப்பு என்பதே அவர்களுக்குத் தெரியாது. அங்கெல்லாம் தண்ணீர் குடித்தவர்களுக்கு நீங்கள் பஸ் ஏறி வந்தது இன்றைக்கும் தெரியாது மேடம். அவர்களுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன், ரொம்ப நன்றி.