கால் முளைக்காத தலைப்பிரட்டை

என் சமையலறை அலமாரியில் வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்று இருக்கிறது. ஊறுகாய் போட்டு வைத்த பாட்டில். எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் என் நாத்தனார் அதில் ஒரு தலைப்பிரட்டையைப் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டிலைத் தரையில் போட்டு உடைக்க எத்தனையோ முறை கை பரபரத்திருக்கிறது. உடைக்கவில்லை. அது வராமல் இருந்திருந்தால் என் மகள் பிழைத்திருப்பாளா என்பதே சந்தேகம். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அவள் வேறு மாதிரி வளர்ந்திருப்பாள்.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள் எங்கள் வீடு. முதல் பிள்ளை பெண். அவள் அழவே மாட்டாள். பால் குடிக்கக் குடிக்கவே தூங்கிப்போவாள், எழுப்பினால்தான் எழுவாள். வந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "ஊட்டுக்குள்ள புள்ளை இருக்குறதே தெரியலையே! குடுத்து வெச்சவ அம்மிணி நீ" என்றார்கள். எனக்கும் பெருமைதான். குழந்தைக்கு வயிறு உப்பி, தொப்புள் வெளியே தள்ளி இருந்தது. நாக்கு நுனி எப்போதும் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அதையும் அழகு என்றுதான் கொஞ்சினோம். "நல்ல புள்ளை, தங்கமான புள்ளை" என்று மாமியார் வாய் ஓயாது.

ஒன்பதாம் மாதம் காது குத்து வைத்தோம். என் அண்ணன் மடியில் குழந்தை. நாத்தனார் அடுப்படி நிலையோரம் நின்றிருந்தார். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தியவர் அவர். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. அதனால் நல்ல காரியங்களில் முன்னால் வரமாட்டார். வர விடவும் மாட்டார்கள். ஆசாரி குத்தினார். குழந்தை கரகரத்த குரலில் ஒரு முனகல் முனகிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் நேராக நடந்து வந்து குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"காதுல குத்தியும் அழுகலைன்னா அது நல்லதுக்கு இல்லீங்கம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போகோணும்" என்றார் தன் அம்மாவிடம்.

"பெத்தவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? கண்ணு வெக்காத போ!" என்றார் மாமியார், அத்தனை பேர் முன்னாலும். பெற்ற மகளைப் பார்த்து ஒரு தாய் சொல்கிற பேச்சா அது! நாத்தனார் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் அந்தப் பாட்டிலோடு வந்தார். உள்ளே கரும்பச்சையாக, கட்டை விரல் பருமனுக்கு ஒரு தலைப்பிரட்டை, காலில்லாமல், மந்தமாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. "இதோட பொறந்ததெல்லாம் தவளையாகிக் குதிச்சுப் போயிருச்சு அம்மிணி. இதுக்கு மட்டும் கழுத்துல இருக்கற தைராய்டு வேலை செய்யாம இருக்க காலேஜுல தண்ணியில மருந்து கலந்தோம். பெருக்குது, ஆனா மாற மாட்டேங்குது. கால் முளைக்க வேண்டியதெல்லாம் உள்ளதான் இருக்குது. முளைன்னு சொல்ற சுரப்புத்தான் இல்லை. நம்ம கழுத்துல ஊறறதும் அதே சுரப்புத்தான்."

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "எம் புள்ளையும் தவளையும் உனக்கு ஒண்ணா? எடுத்துட்டு வெளிய போக்கா!"

நாத்தனார் போனார், ஆனால் போகும்போது பாட்டிலை அடுப்படியில் என்னிடம் கொடுத்து, ஒரு மாத்திரையின் துணுக்கையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இந்த மாத்திரையில அந்தச் சுரப்பு இருக்குது. தண்ணியை மாத்தீட்டு இதைக் கரைச்சு ஊத்து. நீயே பாரு. அப்பறம் என்னைய வையி" என்றார். எனக்கும் அவர்மேல் எரிச்சல்தான். யாருக்குத்தான் வராது? ஆனாலும் பயம் புகுந்துவிட்டது. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, அவர் சொன்னபடியே செய்தேன்.

முதலில் வாலோரம் இரண்டு மொட்டு. அது பின்னங்காலாக நீண்டது. பிறகு ஒரு நாள் விடிந்து பார்த்தால், தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு முன்னங்கால் வெளியே வந்திருந்தது. வாய் அகன்றது, வால் சுருங்கியது. மூழ்கிவிடாமல் ஏறி உட்கார ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டேன். அது ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பக்கத்தில் தூளியில் என் மகள், கிடத்திய இடத்தில் கிடந்தபடியே கிடந்தாள்.

அடுத்த சந்தை நாள் வீட்டுக்காரர் மாடு பிடிக்கப் போனதும், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் குழந்தையோடு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். நாத்தனாருக்கு மட்டும் முன்பே கார்டு போட்டிருந்தேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். டாக்டர் குழந்தையின் நாக்கையும் தொப்புளையும் பார்த்துவிட்டு நாத்தனார் சொன்னதையேதான் சொன்னார். "மாத்திரை கொடுத்தா வளருவா. மூளை எவ்வளவு தேறும்னு சொல்ல முடியாது. பொறந்த மொதல் சில மாசத்துக்குள்ள கொண்டுவந்திருக்கணும்மா."

மாத்திரையைப் பொடித்துப் பாலில் கொடுத்தேன். வீட்டில் நடந்த சண்டையை எழுத இடம் போதாது. சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் பசிக்காக அவள் வீறிட்டு அழுதாள். களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் பதறி ஓடிவந்தார்கள். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தேன், அழுதேன். பிறகு பல் முளைத்தது, நடந்தாள், என் தோளுக்கு வளர்ந்தாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் எழுத்து அவளிடம் நிற்கவே இல்லை. தலைப்பிரட்டை எத்தனை நாள் தாமதித்தாலும் சுரப்பு கிடைத்த அன்றைக்குத் தவளையாகத் தொடங்கிவிடும். மனிதக் குழந்தையின் மூளை அப்படிக் காத்திருக்காது.

பல வருடம் கழித்து நாத்தனார் படுத்த படுக்கையானபோது பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூணாம் மாசம் பாக்க வந்தேனே, அப்பவே எனக்குச் சந்தேகம் அம்மிணி. வாயைத் தொறந்தா, மலடி கண்ணு வெச்சுட்டாள்னு சொல்லுவாங்களேன்னு பயந்து போயிட்டேன்."

கையை உருவிக்கொள்ளத்தான் தோன்றியது. காது குத்துக்கு ஆறு மாதம் முன்னால்! முழுசாக ஆறு மாதம்! ஆனால் காது குத்தன்று அவர் வாயைத் திறந்தபோது நடந்தது என்ன என்று நான் பார்த்தவள் அல்லவா? அவர் பயந்த அதே வார்த்தையைத்தானே சொன்னார்கள்? அவரை மன்னித்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை.

இப்போது அந்தப் பாட்டிலில் மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. ஐம்பதை நெருங்குகிற என் மகள் தினமும் வெறும் வயிற்றில் தானே ஒன்றை எடுத்து விழுங்குவாள். நாக்கை நீட்டி, விழுங்கியாகிவிட்டது என்று காட்டுவாள். பிறகு, "நல்ல புள்ளைன்னு சொல்லும்மா" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தலையைத் தடவிக் கொடுப்பேன், கட்டி முத்தம்கூடக் கொடுப்பேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு வாயில் வருவதில்லை.