ஐந்து கால் பூனை

விரல் நகத்தால் கோப்பையின் விளிம்பில் ஒரு சுண்டு. உடனே காதருகே கொண்டுபோகிறார். 'டிங்' என்று கேட்டால் முகம் தெளிகிறது. கோப்பை மேசைக்கு வருகிறது. 'டொக்' என்று கேட்டால், "இருங்க, இன்னும் சூடு ஆறல" என்று சொல்லியபடி அதை முந்தானைக்குள் மறைத்து உள்ளே எடுத்துப் போய்விடுகிறார். முந்தாநாள் சூளையை விட்டு இறங்கிய பாத்திரத்தில் ஏது சூடு? விரிசல் என்பதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் அது. கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் வீட்டில் அவருக்குச் சூளை அக்கா என்று பெயர். தையற்காரர் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவே அவருடைய ஸ்டூடியோ. ஒரு சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று கோப்பை, தட்டு, மூடி ஜாடி, ஆமை, யானை. எதிர்ச்சுவரில் கண்ணாடிக் குவளைகள். பிடித்ததை எடுத்து, உட்கார்ந்து, நாமே வண்ணம் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர் அதன்மேல் மெருகு பூசி, சூளையில் சுட்டு, அடுத்த வாரம் தருவார். அந்த ஒரு வாரம்தான் வருகிறவர்களுக்குப் பெரும்பாடு. என்னைப் போல எதற்கெடுத்தாலும் பதறும் ஆசாமிக்குக் கேட்கவே வேண்டாம். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "உடையாதில்லக்கா?" என்பேன்.

"நீங்க பக்கத்துல நின்னு பெருமூச்சு விட்டாத்தான் தம்பி உடையும். கெளம்புங்க."

வந்து ஒட்டிக்கொண்ட ஊரில் யாராவது என்னைத் தமிழில் விரட்டினால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பது அவர் கடையில்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற வாடிக்கையாளர்களிடம் அவர் அந்த ஊர் மொழியில் பணிவாகப் பேசுவார். பாத்திரங்களிடம் தமிழ். "ஏன்டா, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? வழிஞ்சுக்கிட்டு நிக்கிறே" என்று ஒரு ஜாடியைத் திட்டிக்கொண்டே துடைப்பார்.

சுடுவதற்கு முன்னால் எல்லா வண்ணத்துக்கும் சாம்பல் பூத்த முகம்தான். சிவப்பு, சோகை பிடித்த மாதிரி இருக்கும். கருநீலம் அழுக்குத் தண்ணீர்போல் கிடக்கும். சூளைக்குள் போய் வந்த பிறகே அதனதன் நிறம் தெரியும். சண்டைகளெல்லாம் அங்கேதான் முளைக்கும். அண்மையில் ஓர் அம்மாள் தன் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் போட்டது இளம்பச்சை. இது பாசி புடிச்ச மாதிரில்ல இருக்கு?"

"சுட்டா இப்படித்தாங்க வரும். அன்னிக்கே சுட்ட ஓட்டுல நிறத்தக் காட்டினேனே."

"காட்டினீங்க. நான் நம்பல."

"இப்ப நம்புறீங்களா?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, கதவுவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார் அக்கா. வந்ததும் மேசையிலிருந்த அடுத்த தட்டிடம், "பாசிதான். நீயாவது பாத்து நடந்துக்க" என்றார்.

அவருக்கு முகங்கள் மறந்துவிடும். பாத்திரங்கள் மறப்பதேயில்லை. கழுத்துப் பட்டையும் அடையாள அட்டையுமாக நுழையும் வங்கி அதிகாரி அவருக்கு இன்னும் 'மூக்கில்லாத யானை'தான். பள்ளியில் படிக்கும்போது அவர் தீட்டிய யானைக்குத் தும்பிக்கை ஒடிந்துபோனதாம். கல்யாணத்துக்கு முன் சேர்ந்து வந்து, ஒரே தட்டில் ஆளுக்குப் பாதி தீட்டி, பாதியில் முறைத்துக்கொண்டவர்கள் 'அரைத் தட்டு'. இப்போது இரண்டு பிள்ளைகளோடு வருகிறார்கள். "அரைத் தட்டு, இன்னிக்காவது முழுசாப் போடுவீங்களா?" என்று வரவேற்பு. நான் 'பூனைக் கப் அப்பா'.

அந்தப் பூனையை வரைந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. அக்கா கொடுத்த மேலங்கி அவளுக்குக் கணுக்கால்வரை தொங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டு பூனைக்கு ஐந்து கால் போட்டிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம். "பூனைக்கு நாலு கால்தாம்மா" என்றேன். "ஓடுற பூனைப்பா! ஓடுறப்ப எப்படி எண்ணுவீங்க?" என்று கத்திவிட்டு அழுதாள். ஒரு சொட்டுக் கண்ணீர், பூனையின் ஈரம் காயாத பச்சைக் கண்ணில் விழுந்து, வண்ணத்தையும் இழுத்துக்கொண்டு தாடைவரை ஓடியது. துடைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டவர் அக்கா. "விடுங்க தம்பி. அது பூனையோட சொந்த விஷயம்."

சூளை அவர் கணவர் பொறுப்பு. பின்னறையில் அதன் கதவைத் திறப்பதும் அடுக்குவதும் அவர். எப்போதாவது ஏதாவது வெடிக்கும். பக்கத்திலிருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். தீட்டியவர் பெரியவர் என்றால் அக்கா உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, வேறொரு வெள்ளைப் பாத்திரத்தை நீட்டிவிடுவார். குழந்தை என்றால் கதை வேறு. ஒருமுறை பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. விரிசல் விட்ட டைனோசர் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, புதிய டைனோசரின் முதுகில் அக்கா புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எழுதுவதும் சுண்டுவதும் வலது கைதான். தூரிகையோ அப்போது இடது கையில் இருந்தது.

"அந்தப் பையன்கிட்ட உடைஞ்சுபோச்சுன்னு சொன்னா என்னவாம்?" என்றார் கணவர்.

"எட்டு நாளா அவன் தூங்கியிருக்கவே மாட்டான்."

"அப்ப இது பொய்யில்லையா?"

"பொய்தான். இடது கைப் பொய். வலது கையில போட்டா கோடு நேரா வந்துடும், புள்ளைங்க கண்டுபுடிச்சிடும்."

"இப்படியே போனா ஊர்ல பாதிப் புள்ளைங்க கைய நீயே வச்சிருப்பே."

"உங்க சூளை ஒழுங்கா இருந்தா எனக்கு எதுக்கு அத்தனை கை?"

நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, பூனைக் கோப்பையில் காப்பி குடித்தேன்.

போன வாரம் அந்தக் கோப்பையைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். என்னோடு வார்த்தை முற்றி வீட்டை விட்டுப் போன மகள், மூன்று ஆண்டுகள் கழித்து வருகிறாள். போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "என் பூனைக் கப் இருக்காப்பா?" இருக்கிறது என்றேன். சொன்னபோது இருந்தது. அவள் வருகிறாளே என்று தேய்த்துக் கழுவினேன். கை வழுக்கி, தொட்டியில் விழுந்து, துண்டு துண்டாகிவிட்டது.

"இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா."

"வளந்தவங்களுக்கு நான் செய்யறதில்லையே தம்பி. ஒடஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. சிரிச்சிட்டுப் போகுது பொண்ணு."

"சிரிக்க மாட்டாக்கா. இதக்கூட வச்சுக் காப்பாத்தத் தெரியலையான்னு வாசலோட திரும்பிடுவா. அவ கை பட்டதுன்னு வீட்ல இருந்தது இது ஒண்ணுதான். அந்தக் கண்ணுல வழிஞ்சிருக்குமே ஒரு கோடு, அவ கண்ணீரு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டுவேன்."

அக்கா என்னையே பார்த்தார்.

"கண்ணீருன்னா சொல்லிக்கிட்டிருக்கீங்க, இத்தனை வருஷமா?"

"ஆமாக்கா. சூளைக்குள்ள போயும் அழியல பாருங்க."

பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவர், "அந்தப் பூனை அன்னிக்கே சூளையில..." என்று வாயெடுத்தார். "நீங்க சூளையப் பாருங்க" என்றார் அக்கா, திரும்பாமலே.

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்தார். சுண்டிப் பார்த்தார். டிங். நான் துண்டின் முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

"மாதிரி பாக்க வேணாமாக்கா?"

"வேணாம். கையக் கிழிச்சுக்காதீங்க."

தூரிகை இடது கைக்கு மாறியது. உருண்டை முதுகு. ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது. காதுகளைப் பற்றி நான் அவரிடம் சொல்லவேயில்லை. முன்னால் இரண்டு கால், பின்னால் இரண்டு, நிறுத்தாமல் வயிற்றுக்கடியில் மடங்கிய ஐந்தாவது. முடிச்சின் மேல் என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. கடைசியாகக் கண். இன்னும் சாம்பலாகவே தெரிந்த பச்சையை ஒருமுறை வைத்து, அதன்மேல் வேண்டுமென்றே இன்னொரு சொட்டு கூடுதலாக வைத்தார். பிறகு கோப்பையைச் சற்றே சாய்த்து, உதட்டருகே கொண்டுபோய், குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல மெல்ல ஊதினார். சொட்டு உடைந்து, கன்னம் வழியாகத் தாடைவரை ஓடி நின்றது.